ரிப்போர்ட் நார்மல்... கட்டி?

ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போயிருந்தோம். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வந்த சித்தி, என்னைத் தனியே கூப்பிட்டு, மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். வலியில்லையாம். ஐந்து மாதமாக இருக்கிறதாம்!

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா சித்தி?"

"எதுக்கும்மா? மாயவரத்துல ஃபுல் செக்கப் பண்ணினப்போ ரத்தத்துல கேன்சர் டெஸ்ட்டும் எடுத்தாங்க. நார்மல்னுட்டாங்களே!"

வீட்டுக்குப் போய் வாங்கிப் பார்த்தேன். 'சி.ஏ. 15-3' என்று போட்டிருந்தது.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கலாம். மார்பகப் புற்றுக்கட்டி ரத்தத்தில் கலக்கவிடும் ஒரு புரதத்தின் அளவு அது. நோய் பரவியவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும். ஆரம்ப நிலையிலோ பெரும்பாலானவர்களுக்கு அது ஏறுவதே இல்லை! கல்லீரல் கோளாறு இருந்தால் புற்றுநோய் இல்லாமலே ஏறி, தூக்கத்தைக் கெடுக்கும். அப்புறம் ஏன் பேக்கேஜில் சேர்க்கிறார்கள் என்கிறீர்களா? பட்டியல் நீண்டால்தானே பில்லும் நீளும்!

"புதுசா ஏதோ வந்திருக்காமே?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். ரத்தத்தில் மிதக்கும் புற்றணுக்களைத் தேடும் சோதனை ஒன்றை, நாசிக்கைச் சேர்ந்த டாடர் நிறுவனமும் அப்போலோவும் 2022-ல் இங்கே அறிமுகப்படுத்தின. அப்போது கட்டணம் சுமார் 6,000 ரூபாய். அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்க அரசு அதற்குத் தந்தது, பரிசீலனையைத் துரிதப்படுத்தும் சலுகை மட்டுமே, ஒப்புதல் அல்ல. முயற்சி வளரட்டும். ஆனால் கையில் தட்டுப்படும் கட்டிக்கு எந்த ரத்தச் சோதனையும் பதில் சொல்லாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருஷம் கவனித்தது. பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்! 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. நம் ஊர் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். கூச்சப்பட்டுக்கொண்டு நாம்தான் போவதில்லை.

மறுவாரமே சித்தியைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனோம். மேமோகிராம் எடுத்து, ஊசி வழியே சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். நல்லவேளை, அக்குளுக்குப் பரவவில்லை. ஆபரேஷன் முடிந்து மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் சித்தி பத்திரமாக மடித்து வைத்திருந்த அந்த 'நார்மல்' காகிதத்தை டாக்டரிடம் நீட்டினார். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.