தவறணை யாருடையது?

எங்கள் ஊர்த் தவறணை பனங்கூடலை ஒட்டிய ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. கிடுகுக் கூரை போய்த் தகரம் வந்துவிட்டது. பிளா போய்ப் பிளாஸ்டிக் குவளை வந்துவிட்டது. கடந்த மாதம் அங்கே போயிருந்தபோது, நாற்பது வருடங்களாகப் பனை ஏறும் ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி, ரவுனில புது பார் ஒண்டு திறந்திருக்காம். அது ஆற்றையாம்?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்தேன், ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தவறணை யாருடையது என்பது இங்கே எப்போதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிரித்தானியர் காலத்தில் சாராயமும் கள்ளும் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. தெற்கில் சாராயக் குத்தகையால் எழுந்த செல்வந்தக் குடும்பங்களைப் பற்றிக் குமாரி ஜெயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். 1912இல் மதுவரிக் கட்டளைச்சட்டம் வந்த பின்னரும் தவறணைக் குத்தகை தொடர்ந்தது. வடக்கில் மரம் ஏறியவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். இலாபம் கண்டவர் குத்தகைக்காரர்.

1960களில் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்கான போராட்டங்கள் நடந்தன. அதற்கடுத்த தசாப்தத்தில், சீவல் தொழிலாளர்களை அங்கத்தவர்களாகக் கொண்ட பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. ஏறியவர் கள்ளைச் சங்கத்துக்குக் கொடுத்தார், சங்கம் தவறணையை நடத்தியது. சங்கங்களில் ஊழலும் கட்சி அரசியலும் இருந்தன. ஆனாலும் குத்தகைக்காரரின் இடத்தில் தொழிலாளி வந்தமர்ந்தது சிறிய மாற்றமல்ல.

பிறகு யுத்தம். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. ஷெல் விழுந்து தலையிழந்த மரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மீள்குடியேறியவர்கள் திரும்பி வந்தபோது ஏறுவதற்கு மரமும் குறைவு, ஏறுவதற்கு ஆளும் குறைவு. அந்த வெற்றிடத்துக்குள்தான் மதுபானசாலைகள் வந்தன.

2024 டிசெம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு பட்டியல் முன்வைக்கப்பட்டது. அந்த வருடம் நாடு முழுவதும் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் 360க்கும் மேல். வடக்குக்கு 32, அவற்றில் 16 கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும். இறுதி யுத்தத்தில் முழுவதுமாக இடம்பெயர்ந்த, பெண்கள் தனியே தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் அது. யாருடைய சிபாரிசில் இவை வழங்கப்பட்டன என்ற கேள்வி இன்றுவரை தொடர்கிறது.

கள் ஒரு நாளுக்கு மேல் தாங்காது, புளித்துவிடும். அதனால் மரம் நிற்கும் இடத்திலேயே விற்றாக வேண்டும். அதில் வரும் காசும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே சுற்றும். பியரும் சாராயமும் லொறியில் வருகின்றன. அவற்றின் இலாபம் அதே வீதியால் வெளியே போகிறது. குடியும் கடனும் மட்டும் ஊரில் தங்குகின்றன.

இதைக் கள்ளுக்கான வக்காலத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இதைச் சொன்னபோது என் பெரியம்மா, "கள்ளோ சாராயமோ, எங்களுக்கு விழுந்த அடி ஒண்டுதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். ஒருமுறை பெரியப்பாவுக்குக் கடனுக்குக் கள் கொடுக்க வேண்டாமென்று சங்கத் தலைவரின் வீட்டுப் படலையில் போய் நின்று சண்டை பிடித்தாராம். அடுத்த நாளே கடன் நின்றதாம்.

இன்று எந்தப் படலையில் போய் நிற்பது?

எங்கள் அரசியல்வாதிகள் மதுபானசாலைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். அது அவசியம்தான். அதோடு, ஒவ்வொரு அனுமதிப்பத்திரத்துக்கும் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளரின் பெயரும் சிபாரிசு செய்தவரின் பெயரும் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அனுமதி கொடுப்பதற்கு முன்னர் அந்தக் கிராமத்தின் பெண்கள் சங்கங்களிடம் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால், மிஞ்சும் கடைகளும் முகமில்லாத குத்தகைக்காரர்களிடமே இருக்கும்.

அடுத்த முறை தவறணைப் பக்கம் போகும்போது அந்த ஐயா மறுபடியும் கேட்பார். அவருக்குச் சொல்ல ஒரு பெயராவது வேண்டும்.