பட்டதாரித் தொகுதியைத் தொடாதீர்கள்

சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழக செனட்டை ஏறத்தாழ 90 இடங்களிலிருந்து 31 ஆகச் சுருக்கி, ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபர் 28 தேதியிட்டு வெளியிட்ட அறிவிக்கை, மாணவர் போராட்டத்துக்குப் பிறகு நவம்பர் முதல் வாரத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. அத்துடன் விவகாரம் முடிந்துவிட்டதாகத் துறையில் பலர் பேசுகிறார்கள். முடியவில்லை.

1947-ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த ஒரு பேரவையை, 1966 பஞ்சாப் மறுசீரமைப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவைக் காட்டி ஓர் அறிவிக்கையால் கலைத்து அடுக்க முடியாது என்பதே நம் நிலை. செயற்குழுவான சிண்டிகேட்டின் தேர்தலை ஒழித்து நியமனமாக்கியதும் தவறு. இவற்றை வழக்கறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள்.

பதிவு பெற்ற பட்டதாரிகளின் 15 இடங்களையும் அடியோடு நீக்கியதைத்தான் நம்மால் விட முடியவில்லை. செனட்டில் அமரும் பேராசிரியருக்குப் பதவி உயர்வு துணைவேந்தர் கையில். கல்லூரி முதல்வருக்கு இணைப்பு நீட்டிப்பு சிண்டிகேட் கையில். நியமன உறுப்பினருக்கு மறுநியமனம் வேந்தர் கையில். ஆண்டுக் கணக்கைப் புரட்டி, ‘இந்த வைப்புநிதியை ஏன் உடைத்தீர்கள்?’ என்று அச்சமின்றிக் கேட்கக்கூடியவர் பட்டதாரி உறுப்பினர்தான். அவரை அகற்ற நினைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

அவரை அகற்ற அறிவிக்கைகூடத் தேவையில்லை, தேர்தலை நடத்தாமல் இருந்தாலே போதும். அந்த செனட்டின் பதவிக்காலம் 2024 அக்டோபர் 31-லேயே முடிந்துவிட்டது. ஓராண்டு காலியாகக் கிடந்த அவைக்குத்தான் ‘சீர்திருத்தம்’ வந்தது.

இந்த நோய் சண்டிகரோடு நிற்கவில்லை. நான் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தில் வீடு மாறியதும் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கினேன். அடுத்த செனட் தேர்தலின் வாக்குச்சீட்டு பழைய வீட்டுக்கே போய், ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பியது. ஒப்புகைச் சீட்டை நீட்டினால், பட்டியல் அச்சாகிவிட்டது என்றார்கள். சில மாதங்களுக்கு முன்பு காலமான என் வகுப்புத் தோழரின் பெயர் அந்தப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று மாணவர் ஒவ்வொருவரின் கைபேசிக்கும் செய்தி அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, பட்டம் வாங்குபவரிடம் ‘வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்ல வாய் வரவில்லை. வாக்குப்பதிவு குறைந்ததும், பட்டதாரிகளுக்கு அக்கறையில்லை என்று அதே நிர்வாகம் குறிப்பு எழுதுகிறது. அந்தக் குறிப்புதான் நாளை இடங்களைக் குறைக்க ஆதாரமாகும். ஆள்வோர் மாறினாலும் இந்தப் புறக்கணிப்பு மாறவில்லை.

பட்டமளிப்பு விண்ணப்பத்திலேயே பதிவுக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும். பட்டியலை ஆண்டுதோறும் திருத்தி வெளியிட வேண்டும். பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்துவது சட்டக் கடமையாக வேண்டும்.

பதிவாளர்கள் எழுதட்டும்: உங்கள் பட்டதாரிப் பட்டியல் கடைசியாகத் திருத்தப்பட்டது எந்த ஆண்டு? வரும் பதில்களை அடுத்த இதழில் அப்படியே அச்சிடுகிறோம்.