எண் ஏறுகிறதா, கை தேறுகிறதா?

கம்ப்யூட்டர் கேம் ஒன்று நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? கிராபிக்ஸ் பிரமாதம், சவுண்ட் அருமை, நாற்பது மணி நேரம் விளையாடலாம் என்று மூன்று வரிகளில் சொல்லி முடித்து விடுவது பலருக்கும் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் என் மகன் கேட்ட கேள்வி அந்தப் பழக்கத்தை மாற்றி விட்டது.

அவனுக்கு அப்போது பதினோரு வயது. தாவிக் குதித்து விளையாடும் ஒரு கேமில் "லெவல் 40 வந்துட்டேன்பா" என்று பெருமையாகக் காட்டினான். எப்படி வந்தது என்று பார்த்தால், ஒரே இடத்தில் நின்று கொண்டு ஒரே எதிரியை மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். அடுத்த திரைக்குப் போனான். அங்கே நகரும் பலகைகள் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும், அவ்வளவுதான். ஆறு முறை விழுந்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "லெவல் 40 ஆயிடுச்சே, அப்புறம் ஏம்பா என்னால தாண்ட முடியல?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பதிலைத் தேடியதில் எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டு வகை, ஒரு முடிச்சு

பிளாட்பார்ம் கேம் என்றால் ஓடுவது, தாவுவது, பள்ளத்தைத் தாண்டுவது. இதில் வளர வேண்டியது உங்கள் விரல்கள். நேற்று விழுந்த இடத்தில் இன்று விழவில்லை என்றால் நீங்கள் தேறி விட்டீர்கள் என்று பொருள். ரோல் பிளேயிங் கேம் வேறு மாதிரி. அதில் எதிரியை வென்றால் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் லெவல் உயரும். லெவல் உயர்ந்தால் உங்கள் பாத்திரத்தின் பலம் கூடும். இங்கே வளர்வது திரையில் இருக்கும் எண்.

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி புதிதல்ல. 1987-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ஜெல்டா 2 கேமிலேயே அனுபவப் புள்ளிகளைச் சேர்த்துத் தாக்கும் பலத்தையும், உயிரையும், மந்திர சக்தியையும் உயர்த்தலாம். 1997-ல் கோனாமி நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட காசில்வேனியா: சிம்பனி ஆஃப் த நைட் இந்தக் கலவையைப் பெரிய அளவில் புகழ் பெறச் செய்தது. ஒரு பெரிய கோட்டை, நூற்றுக்கணக்கான அறைகள், வாள்கள், கவசங்கள், கூடவே லெவல்.

சிம்பனியை நான் முழுவதும் முடித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், என் விரல்களின் வேகத்தால் முடிக்கவில்லை. கஷ்டமான பாஸ் வந்தால் பின்வாங்கி, சின்ன எதிரிகளை அடித்து லெவலை ஏற்றிக் கொண்டு திரும்பி வருவேன். பிறகு பாஸ் சுலபமாக விழுந்து விடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேகம் குறைந்தவர்களும் கதையின் முடிவைப் பார்க்க முடிகிறதே, அது நல்ல விஷயம்தான். ஆனால் கேமின் பின்பாதியில் எந்த எதிரியைக் கண்டும் எனக்குப் பயம் வரவில்லை. பயம் போனதும் விளையாட்டின் சுவையும் பாதி போய் விட்டது.

குகைக்குள் ஒரு பாடம்

அப்போதுதான் மகனும் நானும் கேவ் ஸ்டோரி விளையாட ஆரம்பித்தோம். ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமயா என்பவர் 'பிக்சல்' என்ற புனைபெயரில், தன் ஓய்வு நேரத்தில் ஐந்து ஆண்டுகள் உழைத்துத் தனி ஆளாக உருவாக்கிய கேம் இது. கதை, படம், இசை, புரோகிராம் எல்லாம் அவரே. 2004 டிசம்பரில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு இலவசமாக வெளியிட்டார். டவுன்லோடு செய்யும் ஃபைல் ஒரு எம்பி3 பாட்டின் அளவுக்குக் கூட வராது. பழைய கம்ப்யூட்டரிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். 2011-ல் மெருகேற்றிய கேவ் ஸ்டோரி பிளஸ் என்ற பதிப்பு ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. நாங்கள் விளையாடியது அந்தப் பழைய இலவசப் பதிப்பு, ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புடன்.

அம்புக்குறி கீகளால் நகர வேண்டும். இசட் கீ தாவ, எக்ஸ் கீ சுட. இவ்வளவு தெரிந்தால் போதும், ஆரம்பித்து விடலாம்.

இதிலும் லெவல் உண்டு. ஆனால் லெவல் உங்கள் பாத்திரத்துக்கு இல்லை, கையில் இருக்கும் ஆயுதத்துக்கு. எதிரியைச் சுட்டால் மஞ்சள் முக்கோணங்கள் சிதறும். அவற்றைப் பொறுக்கினால் ஆயுதம் படிப்படியாக மூன்றாம் லெவல் வரை உயரும். நீங்கள் அடி வாங்கினாலோ, அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஆயுதத்தின் புள்ளிகள் குறையும். அதிகம் வாங்கினால் லெவலே இறங்கி விடும்.

இந்த ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றி விடுகிறது. மூன்று நாள் உட்கார்ந்து லெவலைச் சேமித்து வைக்க முடியாது. மூன்றாம் லெவலில் நிற்கிறீர்கள் என்றால், சற்று நேரமாக அடி வாங்காமல் ஆடுகிறீர்கள் என்று அர்த்தம். எண்ணும் விரலும் ஒன்றாகவே ஏறுகின்றன, ஒன்றாகவே இறங்குகின்றன.

மெஷின் கன் என்ற ஆயுதத்தைப் பாருங்கள். மூன்றாம் லெவலில் அதைத் தரையை நோக்கிச் சுட்டால், அந்த வேகம் உங்களை மேலே தூக்கும். பறந்து போய் எட்டாத மேடையில் ஏறலாம். அடி வாங்கி லெவல் இறங்கினால் பறப்பதும் போச்சு. லெவல் என்பது இங்கே தாவலோடு பின்னிப் பிணைந்திருக்கிறது.

நெமிசிஸ் என்று இன்னொரு ஆயுதம். இது முதல் லெவலில் பயங்கரமாகத் தாக்கும். முக்கோணங்களைப் பொறுக்கப் பொறுக்க பலம் குறைந்து கொண்டே வரும். மூன்றாம் லெவலில் குண்டுக்குப் பதிலாக ரப்பர் வாத்துகள் வெளியே வரும்! புள்ளிகளைப் பார்த்தாலே ஓடிப் போய்ப் பொறுக்கும் நம் பழக்கத்தைக் கேலி செய்வது போல இருக்கிறது. என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உயிரின் அளவு ஆரம்பத்தில் 3 மட்டுமே. அதைக் கூட்ட வேண்டும் என்றால் ஆங்காங்கே ஒளித்து வைத்திருக்கும் லைஃப் கேப்சூல்களைத் தேடிப் போக வேண்டும். எதிரிகளை எத்தனை முறை அடித்தாலும் அது கூடாது.

குறைகளும் உண்டு

அடி வாங்கியவனின் ஆயுதத்தையும் பலவீனமாக்குவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விழுந்தவனை இன்னும் கொஞ்சம் தள்ளி விடுவது போலத்தான் அது இருக்கிறது. வழியில் என்றால் நாலு சின்ன எதிரிகளைச் சுட்டு இழந்ததை உடனே மீட்டு விடலாம். பாஸ் சண்டையின் நடுவில் அது அத்தனை சுலபம் இல்லை. இந்த விஷயத்தில் சிம்பனி தரும் கருணை இதில் இல்லை.

சில பாஸ்களிடம் தோற்றால் அதே வசனத்தை ஒவ்வொரு முறையும் படித்துத் தாண்ட வேண்டியிருக்கிறது, எரிச்சலாக வரும். இதைவிடப் பெரிய குறை, நல்ல முடிவைப் பெறுவதற்கான வழியைச் சொல்லாமல் மறைத்திருப்பது. ஓரிடத்தில் கீழே விழுந்து கிடக்கும் ஒருவரிடம் போய்ப் பேசினாலே அந்த வழி மூடி விடும். அடிபட்டவரைப் பார்த்தால் பேசத்தானே தோன்றும்? அதற்குத் தண்டனை தருவது எனக்குப் பிடிக்கவில்லை. கதையில் நல்ல பாத்திரங்கள் இறந்தும் போகிறார்கள். மிகச் சிறிய குழந்தைகள் என்றால் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

இனி என் அளவுகோல்

இத்தனை குறைகளுக்குப் பிறகும் கேவ் ஸ்டோரியைத்தான் நான் மேலே வைக்கிறேன். என் மகனின் நேரத்தை அது மதிக்கிறது என்பதே காரணம். இன்றைய கேம்கள் பலவற்றில் லெவல் ஏறுவதை வேண்டுமென்றே மெதுவாக்கி விட்டு, சீக்கிரம் ஏற வேண்டுமானால் காசு கொடு என்கிறார்கள். பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து எண்ணை ஏற்றுகிறார்கள், அல்லது நம் பர்சைக் கேட்கிறார்கள். எனவே லெவல் வைத்த பிளாட்பார்ம் கேம் எதுவானாலும், வாங்கும் முன்பு மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரே இடத்தில் நின்று புள்ளி சேர்த்தால் எல்லாத் தடைகளையும் தாண்டி விடலாமா? லெவல் உயர்ந்தால் புதிதாக ஏதாவது செய்ய முடிகிறதா, அல்லது எதிரி சீக்கிரம் சாவது மட்டும்தானா? சேமித்ததை எல்லாம் அழித்து விட்டு முதலிலிருந்து ஆடினால் முன்பைவிட நன்றாக ஆடுவீர்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். 'ஆமாம்' என்று பதில் வந்தால் தைரியமாக வாங்குங்கள்.

கேவ் ஸ்டோரியில் ராட்சதத் தவளையாக மாறும் ஒரு பாஸ் உண்டு. வாயைத் திறக்கும்போது மட்டும்தான் அதைச் சுட முடியும். அது குதித்தால் மேலிருந்து குட்டித் தவளைகள் விழும். என் மகன் முதல் நாள் அதனிடம் எட்டு முறை தோற்றான். ஒருமுறைகூடப் பின்னால் போய்ப் புள்ளி சேர்க்கிறேன் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை பல் தேய்த்த கையோடு உட்கார்ந்து இரண்டாவது முறையிலேயே முடித்து விட்டான். "நேத்து எப்பக் குதிக்கும்னு தெரியாம இருந்தேன்பா, இப்பத் தெரிஞ்சுடுச்சு" என்றான்.

லெவல் 40 கேள்விக்கான பதிலை அவனே சொல்லி விட்டான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து ஒருமுறை விளையாடிப் பாருங்கள்.