வரும் லொறி வெறுமையாகத் திரும்புவதேன்?

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்திலே ஒரு சிறு கடை. அதன் வாயிலில் லொறி வந்து நிற்கின்றது. பத்தாகவும் பன்னிரண்டாகவும் சேர்த்துப் பொலித்தீன் உறையால் இறுகச் சுற்றப்பெற்ற குளிர்பானப் போத்தல் கட்டுகள் இறக்கப்படுகின்றன. கடைக்காரர் உறையைக் கிழித்துப் போத்தல்களை அடுக்குகின்றார். பணம் தலைநகருக்குச் செல்கின்றது. கிழிந்த உறை மாத்திரம் ஊரிலே தங்கிவிடுகின்றது. காற்று அதனை வேலிக்குக் கொண்டுசெல்லும். மாரி வெள்ளம் வாய்க்காலுக்கும் வயலுக்கும் கொண்டுசெல்லும். மாடு புல்லோடு சேர்த்து விழுங்கும். எரித்தாலோ நச்சுப்புகை குழந்தைகளின் நெஞ்சிற் புகும்.

இதனை அற்ப விடயமென்று எண்ணுவோர் அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை நினைத்துப் பார்க்கட்டும். அங்கு பிளாஸ்ரிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் மடிந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் வெளிவந்தது. யானைக்கே அக்கதியென்றால் எங்கள் கறவைப் பசுவுக்கு என்ன கதி?

இவ்வுறைக்கு மாற்று இல்லையா? உண்டு. பானப் பேணிகளை ஆறாறாகப் பிணைக்கும் பிளாஸ்ரிக் வளையம் 1960களில் அமெரிக்காவிற் பரவிற்று. அதிற் சிக்கிப் பறவைகளும் கடலாமைகளும் இறப்பதைக் கண்டபின், தானாக அழியக்கூடிய வளையங்களையே பயன்படுத்த வேண்டுமென்று 1988 இல் அந்நாடு சட்டம் இயற்றிற்று. 2018 இல் கார்ள்ஸ்பேர்க் நிறுவனம் பசைப் பொட்டுகளாலேயே பேணிகளை ஒட்டவைக்கும் முறையை அறிமுகஞ் செய்தது. அதன் பின்னர் அயர்லாந்து முதலிய நாடுகளில் கொக்கா-கோலா நிறுவனமும் பேணிகளின் தலையைப் பற்றிக்கொள்ளும் கடதாசி அட்டைப் பிடிக்கு மாறிற்று.

இம்மாற்றம் எளிதில் வந்ததன்று. பெரிய ஆலையொன்றில் மணிக்கு 60,000 பேணிகள் நிரம்பி வருகின்றன. ஆறாறாகப் பிணைப்பதாயின் மணிக்கு 10,000 கட்டுகள். விநாடிக்கு ஏறக்குறைய மூன்று! எந்தக் கைக்கும் இது இயலாது. இயந்திரமே அட்டையை உறிஞ்சி எடுத்து, விரித்து, பேணிகளின் மேல் அமர்த்தி, மடித்துப் பூட்டுதல் வேண்டும். பிளாஸ்ரிக் இழுபடும், சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். கடதாசியோ இழுபடாது, பிசகினாற் கிழியும். குளிர்ந்த பேணியில் அரும்பும் நீர்த்துளி அதனை நனைத்து நலிவிக்கும். இத்தடைகளையெல்லாம் பொறியியலாளர் கடந்துவிட்டனர். அவர்தம் அறிவை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். அத்தகைய இயந்திரம் இலங்கைக்கும் வரட்டும்.

ஆயினும் இயந்திரம் வந்தவுடன் இன்னல் தீர்ந்துவிடுமென்று மயங்குதல் ஆகாது. “மீள்சுழற்சி செய்யத்தக்கது” என்று அட்டையில் அச்சிடுதல் ஒன்று. மீள்சுழற்சி செய்தல் வேறொன்று. முன்னையது அச்சுக்கூடத்திலே முடிந்துவிடும். பின்னையதற்கு அட்டையைச் சேர்ப்பவர் வேண்டும். ஏற்றிச் செல்லும் வண்டி வேண்டும். கூழாக்கும் ஆலை வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஊரில் அவ்வாசகம் ஏட்டுச் சுரைக்காயே. நீர்பட்டுக் கிழியாதிருக்க அட்டையின் மேற் பிளாஸ்ரிக் படலம் பூசிவிட்டாலோ, அதனைக் கூழாக்குவதும் கடினம். மண்ணில் மக்கச் செய்வதும் கடினம்.

சட்டம் என்ன செய்தது? 2017 இல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த கனமும் உடைய பொலித்தீனைத் தடுத்தது. 2021 இல் சிறு பொதிகள் சிலவற்றைத் தடுத்தது. 2023 இல் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு முதலியவற்றைத் தடுத்தது. இவை நல்லனவே. ஆனால், போத்தல் கட்டைச் சுற்றிவரும் தடித்த உறை இவ்வலைகளுக்குத் தப்பி நிற்கின்றது. ஏழையின் சிறு பொதியைக் கண்ட சட்டத்தின் கண்ணுக்குப் பெரு நிறுவனத்தின் சுற்றுறை தெரியாமற் போனதேன்? ஐரோப்பிய ஒன்றியமோ, விற்பனைக்காகப் போத்தல்களையும் பேணிகளையும் கட்டாக்கும் ஒருதரப் பாவனைப் பிளாஸ்ரிக் உறைகளை 2030 முதல் விலக்குவதெனச் சட்டஞ் செய்துவிட்டது.

மூலப்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழைச்சேனை ஆலை வைக்கோலிலிருந்து கடதாசி செய்தது. வைக்கோலைக் கூழாக்க உதவும் எரிசோடாவை ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆக்கிற்று. போர் பரந்தனின் உற்பத்தியை நிறுத்தியது. இன்று வன்னி வயல்களில் அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிகின்றது. அட்டையோ கடல் கடந்து வருகின்றது! வைக்கோலின் நார் குறுகியது. பாரம் தாங்கும் பிடிக்கு அதுமட்டும் போதாது என்பதை நாம் அறிவோம். நீண்ட நாருள்ள பழைய அட்டையோடு கலக்கலாம். பெட்டியின் உட்புற அலைமட்டைக்கு வைக்கோற் கூழே உதவும். கால்நடைக்கும் மண்ணுக்கும் உரிய பங்கை ஒதுக்கி, எரிந்து வீணாவதையே நாம் கேட்கின்றோம்.

இங்குள்ள சிறு உற்பத்தியாளர் விநாடிக்கு மூன்று கட்டுச் செய்யும் இயந்திரத்தை வாங்கமாட்டார், வாங்கவும் வேண்டியதில்லை. நெல்லிரசம் ஆக்குவோரும் பனங்கள்ளை அடைக்கும் கூட்டுறவுச் சங்கங்களும் வெட்டி மடித்த அட்டையைக் கையாலேயே மாட்டலாம். பனங்கட்டியை ஓலைக் குட்டானில் அடைத்து விற்ற மக்களுக்கு, மண்ணோடு மண்ணாகும் பொதியைப் பற்றிப் பிறர் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை.

எனவே எமது கோரிக்கை ஒன்றே. போத்தலைக் கட்டாக்கும் நிறுவனமே அக்கட்டின் உறையையோ அட்டையையோ திரும்ப எடுத்துச் செல்லச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். இது புதுமையன்று. கண்ணாடிப் போத்தலுக்கு முற்பணம் வாங்கி, வெறும் போத்தலைப் பெட்டியில் அடுக்கி, அதே லொறியில் ஏற்றிச் சென்ற காலத்தை எம்மூர்ப் பெரியோர் மறக்கவில்லை. அன்று இலாபம் தந்த கண்ணாடிக்காகத் திரும்பிய வண்டி, இன்று எங்கள் மண்ணுக்காகத் திரும்பலாகாதா?

சரக்கைச் சுமந்து ஜெயபுரம் வரையும் வர வழியறிந்த லொறிக்கு, கழிவைச் சுமந்து திரும்பவும் வழி தெரியும். தெரியாததுபோல் நடிப்போருக்கு அதனை உணர்த்துவது சட்டமியற்றுவோர் கடமை. அவர்களை அசையச் செய்வது எமது கடமை.