எமது வீட்டுக்கும் ஒரு கொப்பி வேண்டும்



சொந்த நிலத்தில் பயிர் செய்த குடும்பத்துக்குச் சாமான் பட்டியல் தேவைப்பட்டதில்லை. கத்தரியும் மிளகாயும் வீட்டுப் பின்புறத்தில் காய்த்தன. பலாக்காய் மரத்தில் இருந்தது. உப்பு, சீனி, மண்ணெண்ணெய் என நான்கைந்து பொருள்களுக்கே கடைக்குப் போனோம். அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நிலம் போனபின் நிலைமை வேறு. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனியப் பகுதியில் காணி இழந்தவர்களுக்கும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது கண்டி மாவட்டத்து மண்சரிவுகளில் வீடும் தோட்டமும் இழந்தவர்களுக்கும் இது தெரியும். விளைவித்தவர்கள் வாங்குபவர்களாக மாறினார்கள். கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

வாங்கும் முறை மட்டும் மாறவில்லை. முடிந்த பொருளை முடிந்த பிறகே தேடுகிறோம். கண்டிச் சந்தைக்குப் போய் வந்த பின் பருப்பு வாங்க மறந்தது ஞாபகம் வருகிறது. மீண்டும் பஸ் ஏறினால் கட்டணமும் அரைநாள் கூலியும் போகும். பெரும்பாலும் இந்த அலைச்சல் தாய்மார் தலையிலேயே விழுகிறது. போகாவிட்டால் பக்கத்துக் கடையில் சிறு பைக்கற்றைக் கடனுக்கு வாங்குகிறோம். கடைக்காரர் அதைத் தமது கொப்பியில் எழுதுகிறார். எமது வீட்டுச் செலவுக்கு அவரிடம் ஒரு கொப்பி உண்டு. எம்மிடம் இல்லை. மாத முடிவில் அவர் சொல்வதே கணக்கு. இது மாற வேண்டும் என்பதே எனது கருத்து.

ஒரு 80 பக்கக் கொப்பியும் பென்சிலும் போதும். அதை அடுப்படியில் தொங்கவிடுங்கள். ஒரு பொருள் பாதியாகக் குறைந்தவுடன் எழுதுங்கள். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம் போன்றவற்றை ஒரு பக்கத்திலும், மரக்கறி, கருவாடு போன்றவற்றை மறு பக்கத்திலும் வையுங்கள். எத்தனை கிலோ என்பதையும் கடைசியாகக் கொடுத்த விலையையும் பக்கத்தில் குறியுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா. விலை எழுதி வைத்த வீட்டுக்கே எதைக் குறைப்பது என்று தெரியும்.

"நாட்கூலிக்காரருக்குப் பட்டியல் எதற்கு, மொத்தமாக வாங்கப் பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பட்டியல் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கச் சொல்வதில்லை. எது முந்தியது, எது பொறுக்கும் என்று வரிசைப்படுத்தச் சொல்கிறது. பிள்ளைகளின் பருப்பும் முட்டையும் மேலே இருக்கட்டும். பிஸ்கட்டும் சோடாவும் கீழே போகட்டும். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து பட்டியலை ஒன்றாக்கினால் ஒருவர் சந்தைக்குப் போனால் போதும். மற்றவர்களுக்கு அந்த நாள் மிச்சம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின்படி கடையில் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். கேட்டு வாங்கிக் கொப்பிக்குள் வையுங்கள்.

எமது முன்னோருக்குத் தோட்ட நிர்வாகம் அரிசியை அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. கூப்பன் காலத்தில் அரசாங்கம் அளவைத் தீர்மானித்தது. இடம்பெயர்ந்தபோது நிவாரணப் பொதி கட்டியவர்கள் தீர்மானித்தார்கள். உதவியவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் எமது சட்டியில் என்ன வேக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கும் நாள் வர வேண்டும். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவது பற்றி ஆண்டவர் இயேசுவும் பேசினார்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுதுங்கள்: வாங்குவதில் எதை நாமே வளர்க்கலாம்? மிளகாயும் வல்லாரையும் ஒரு சாக்கு மண்ணில் வளரும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பேசுவோம்.