மெத்தைக்கு அடியில் வைத்த கடிகாரம்

காலித் ஹுசைனியின் ‘பட்ட விரட்டி’ நாவலைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லோரும் அந்தச் சந்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். 1975ஆம் ஆண்டுக் குளிர்காலம், காபூல். பட்டப் போட்டியில் அமீர் ஜெயிக்கிறான். அவன் கடைசியாக அறுத்த நீலப் பட்டத்தைத் துரத்திப் பிடித்த நண்பன் ஹசன், அதை விட்டுக்கொடுக்க மறுத்ததற்காக ஆசெஃப் என்ற முரட்டுப் பையனால் சந்துக்குள் வைத்துச் சீரழிக்கப்படுகிறான். மறைந்து நின்று பார்த்த அமீர் ஓடிவிடுகிறான். அவனுக்கு 12 வயது. அந்த வயதுப் பையன் பயந்து ஓடியதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. பயம் மட்டும்தானா என்று அமீரே பின்னால் தன்னைக் கேட்டுக்கொள்கிறான். அந்தப் பட்டம் கைக்கு வந்தால்தான் அப்பா தன்னைப் பெருமையாகப் பார்ப்பார். ஹசனோ வேலைக்காரன் மகன், தாழ்வாகப் பார்க்கப்பட்ட ஹசாரா இனத்தவன். அந்தக் கணக்கும் அவன் மனத்தில் ஓடியிருக்கிறது.

நமக்கு அந்தச் சந்தைவிட முக்கியம், அடுத்த சில மாதங்களில் அமீர் செய்தது. ஹசனின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவனை வீட்டைவிட்டே அனுப்பிவிடத் துணிகிறான். பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் ஹசனின் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய் அப்பாவிடம் திருட்டுப் புகார் சொல்கிறான். இங்கே துரத்துகிறவர் யாருமில்லை. யோசிக்க நேரம் இருந்தது, வேண்டாம் என்று திரும்பி வரவும் வழி இருந்தது. அமீரின் அப்பா பாபா கேட்டபோது ஹசன் ‘ஆமாம்’ என்று ஒப்புக்கொள்கிறான். சந்தில் அமீர் நின்றதும் ஓடியதும் ஹசனுக்குத் தெரியும் என்பது அந்த ஒப்புதலில்தான் அமீருக்குப் புரிகிறது. தெரிந்தே இன்னொரு முறை தன்னைக் கொடுத்து நண்பனைக் காப்பாற்றுகிறான். உலகத்தில் திருட்டைவிடப் பெரிய பாவம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பாபா அவனை மன்னித்துவிடுகிறார். ஹசனின் தந்தை அலிதான் மகனை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

குழந்தையின் தவறுக்குக் குழந்தையின் வயதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தவறை மூடி வைத்திருந்தவனுக்கு ஒவ்வொரு ஆண்டும் வயது ஏறிக்கொண்டே போகிறது. 1981இல் நாட்டைவிட்டுத் தப்பியபோது அவன் இளைஞன். அமெரிக்காவில் படித்து, மணமுடித்து, நாவல்கள் எழுதினான். மணப்பெண் ஸொரையா தன் பழைய கதையை மறைக்காமல் சொன்னபோதும் அமீர் தன்னுடையதைச் சொல்லவில்லை. ஹசன் உயிரோடிருக்கிறானா என்று விசாரித்து ஒரு கடிதம்கூட எழுதவில்லை. இந்த மௌனத்தைச் சுமந்தவன் சிறுவனில்லை. 2001இல் பாபாவின் பழைய நண்பர் ரஹீம் கான் அழைத்து அவன் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தபோது, ஹசனையும் அவன் மனைவியையும் தாலிபன்கள் சுட்டுக் கொன்று சில காலம் ஆகியிருந்தது.

இதற்குப் பிறகு நாவல் எடுக்கும் இரண்டு முடிவுகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஹசன் பாபாவுக்குப் பிறந்தவன் என்ற ரகசியம் வெளிப்பட்டதும் கடன் இரத்தக் கடனாகிவிடுகிறது. ஹசன் வெறும் வேலைக்காரன் மகனாகவே இருந்திருந்தால் அமீர் பட்ட கடன் குறைந்திருக்குமா? இன்னொன்று, ஹசனின் மகன் சொஹ்ராபை மீட்கக் காபூல் போன அமீர், தாலிபனாகிவிட்ட ஆசெஃபிடம் எலும்பு முறிய அடிவாங்கும் இடம். அடிபட அடிபட அவனுக்குச் சிரிப்பு வருகிறது, மனம் லேசாகிறது. பாரம் இறங்குவது அவனுக்கு. இறந்துபோன ஹசனுக்கு அதில் ஒன்றுமில்லை. சொஹ்ராபுக்கும் அந்தக் குற்றவுணர்வு அரணாக இருக்கவில்லை. உன்னை அனாதை இல்லத்துக்கு அனுப்பவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அமீர், விசா சிக்கல் வந்ததும் அதே பேச்சை எடுக்கிறான். பையன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான்.

நாவலில் பலர் வேகமாகக் கடந்துபோகும் பக்கங்களில்தான் வேறொன்று நடக்கிறது. காபூலுக்குப் போகும் வழியில் வாஹித் என்ற ஏழையின் வீட்டில் அமீர் இரவு தங்குகிறான். சாப்பிடும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் தன் கடிகாரத்தையே பார்ப்பதாக நினைத்து அதைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். அவர்கள் பார்த்தது அவன் முன்னால் இருந்த உணவை. அவர்களுக்கு மிச்சமில்லாமல் விருந்தாளி சாப்பிட்டுவிட்டான் என்பது பிறகு சுவருக்கு அப்பாலிருந்து காதில் விழுகிறது. காலையில் யாருக்கும் தெரியாமல் மெத்தைக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டுப் போகிறான். 26 ஆண்டுகளுக்கு முன் இதே வேலையைச் செய்த கை இது. கலிபோர்னியா திரும்பிய பிறகு சாப்பாட்டு மேஜையில் மாமனார், பழைய ராணுவ ஜெனரல், சொஹ்ராபை ‘ஹசாராப் பையன்’ என்று குறிப்பிடுகிறார். அமீர் அவரைத் தடுத்து, அவனுக்குப் பெயர் இருக்கிறது, இனி என் முன்னால் அப்படிச் சொல்லாதீர்கள் என்கிறான். தன் தந்தையின் ரகசியத்தையும் அதே மேஜையில் போட்டு உடைக்கிறான். நாவலில் அவன் உண்மையில் எதையாவது திருப்பிக் கொடுத்தான் என்றால் இந்த இரண்டு இடங்களில்தான்.

ஹசனின் குரல் மட்டும் கடைசிவரை நமக்குச் சரியாகக் கேட்பதில்லை. பிற்காலத்தில் அவன் எழுதிய ஒரு கடிதம் வருகிறது. அதில் அன்புதான் இருக்கிறது, ஒரு சொல் கோபமில்லை. கோபமில்லாத ஹசன் அமீருக்கு வசதியானவன். சிறுவயதுத் துரோகத்தைப் பற்றி நம் மொழியில் எழுதுகிறவர்களிடம் நாம் கேட்க விரும்புவது இதைத்தான்: காட்டிக்கொடுத்தவனின் தூக்கமின்மையைப் போதுமான அளவு படித்துவிட்டோம். காட்டிக்கொடுக்கப்பட்டவன் அன்றிரவு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொன்னான், என்ன சொல்லாமல் விட்டான், நண்பனை எத்தனை காலம் வெறுத்தான் என்று எழுதிய கதைகளை அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறோம்.