டோராவைத் தெரியும், குரலைத் தெரியாது!

2007 ஏப்ரலில் சுட்டி டிவி ஆரம்பித்தபோது ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த யாரையாவது பிடித்து, டோராவின் நண்பன் யார் என்று கேளுங்கள். யோசிக்காமல் புஜ்ஜி என்பார்கள். குள்ளநரி வந்தால் என்ன சொல்லித் துரத்த வேண்டும் என்று கேட்டால், அதே ராகத்தில் கத்தியே காட்டுவார்கள். சரி, அந்த டோராவுக்குத் தமிழில் பேசியவர் பெயர் என்ன? கப்சிப்!

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அவரே வந்து நின்று டீ குடித்தாலும் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

அங்கிருந்து நந்தம்பாக்கம் ஒன்றும் ரொம்ப தூரமில்லை. அங்கே இருக்கும் டிரேட் சென்டரில்தான் 2024 பிப்ரவரியில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. (டெல்லிக்கு 2011லேயே வந்துவிட்டது. நமக்கு 13 வருஷம் லேட்!) வெளிநாடுகளில் இந்த மாதிரி விழாக்களில் நீளமான வரிசை நிற்கும் இடங்களில் ஒன்று, கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்தவரின் மேஜை. கையெழுத்து வாங்கி, ஒரு வரி பேசச் சொல்லிக் கேட்டு, கண் கலங்கிப் போகிறவர்கள் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு மேஜை போட்டு, தமிழ் ஜாக்கி சான் கார்ட்டூனில் பேசியவரை உட்கார வைத்தால்? அவர் வாயைத் திறக்கும் வரை ஈயாடும். திறந்து ஒரு வரி பேசிவிட்டால் ஹால் மொத்தமும் அங்கேதான் நிற்கும். ஆக, பாசத்துக்குப் பஞ்சமில்லை. பெயர்தான் இல்லை.

"எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்கள், இதில் என்ன பெரிய கலை?" என்று கேட்பவர்கள் ஒரு நிமிஷம் பேசிப் பார்க்கலாம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், வாக்கியமும் நீளும். திரையில் அந்தப் பொம்மையின் வாய் மூடுவதற்குள் வினைச்சொல்லை முடித்தாக வேண்டும். அதுவும் சிரித்துக்கொண்டே, ஓடிக்கொண்டே, அழுதுகொண்டே! பத்து வயசுப் பையனுக்கு நாற்பது வயசு அம்மா பேச வேண்டியிருக்கும். ஒரே ஆள் ஒரே எபிசோடில் மூன்று பேராக மாற வேண்டியிருக்கும்.

"யார் பேசினார்கள் என்று தெரிந்தால் குழந்தைகளின் கற்பனை கலைந்துவிடும்" என்று இன்னொரு சாக்கு. அப்படியா? 2019இல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது சித்தார்த், அரவிந்த் சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலி என்று பெயர்களைச் சொல்லித்தானே விளம்பரமே செய்தார்கள்! அதே வருஷம் 'ஃப்ரோஸன் 2'வில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன். அப்போது மட்டும் கற்பனை கலையவில்லையா? சினிமா நட்சத்திரம் பேசினால் விளம்பரம், தினமும் பேசுகிறவர் பேசினால் ரகசியம். இது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவில் பக்ஸ் பன்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் 1940களில் சம்பள உயர்வு கேட்டார். முதலாளி தரவில்லை, பதிலுக்கு டைட்டிலில் பெயர் போட்டார். அந்தப் பெயரைப் பார்த்து ரேடியோ வாய்ப்புகள் வந்தன. 1946இல் அவர் பெயரிலேயே ஒரு ரேடியோ நிகழ்ச்சி! ஜப்பானில் கோகுவுக்கு 1986 முதல் குரல் கொடுத்துவரும் மசாகோ நொசாவாவுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நற்பெயர் என்பது கணக்கில் ஒரு சொத்து. பெயரே போடாதவருக்கு நற்பெயர் எங்கிருந்து வரும்? இன்று ஐநூறு ரூபாய் கூடக் கேட்டால் நாளைக்கு வேறு ஆள். பார்ப்பவர்களுக்குக் குரல் மாறியது தெரியும், யார் போனார் என்பது தெரியாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் பெயரால் அடையாளம் காணப்படும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதே திருத்தம், ஒரு படத்தில் போகிறபோக்கில் வந்து, டைட்டிலிலும் பெயர் இல்லாதவரைப் பெரும்பாலான உரிமைகளுக்குக் கலைஞராகவே கருதுவதில்லை. டைட்டிலில் பெயர் இருப்பதற்கு எவ்வளவு விலை என்று இப்போது புரிகிறதா?

ஏஐ வந்த பிறகு இந்த விலை இன்னும் ஏறிவிட்டது. 2024இல் 'லால் சலாம்' பாட்டுக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருஷம் தன் குரலை நகலெடுத்தவர்களுக்கு எதிராக அரிஜித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். இவர்கள் குரலுக்கெல்லாம் பெயர் இருந்தது. பெயர் இல்லாத டோராவின் குரலை நாளைக்கு ஒரு மெஷின் திருடினால், யாரிடம் அனுமதி கேட்பார்கள்? அவர்தான் எந்தக் கோர்ட்டில் போய் "இது என் குரல்" என்று நிரூபிப்பார்?

கேட்பது கோடி ரூபாய் இல்லை. ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் பத்து செகண்ட், தமிழில் பேசியவர்களின் பெயர்கள், தமிழிலேயே. அடுத்த காமிக் கானில் தமிழ்க் குரல்களுக்கு ஒரு மேஜை, நாலு நாற்காலி. மற்றதை வரிசையில் நிற்கும் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

குள்ளநரி திருடினால் தப்பு என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்த குரல் அது. அவர் பெயரைத் திருடி வைத்திருப்பதும் தப்புதான் மக்களே!